பெர்லினில் பிறந்த அடிக்குரல்

பள்ளி பேண்டில் டியூபா ஊதிவிட்டு, வேலை, குடும்பம் என்று பல ஆண்டுகள் அதை மறந்து, நடுவயதில் மறுபடி வாசிக்க வருகிறவர்கள் மேலைநாடுகளில் நிறையப் பேர். அவர்கள் திகைத்து நிற்பது கடையில்தான். பி-ஃபிளாட், சி, இ-ஃபிளாட், எஃப் என்று நான்கு சுருதிகளில் டியூபா இருக்கிறது. ஏன் இத்தனை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

வழி பெர்லினுக்குப் போனது. பிரஷ்யப் படை இசைக்குழுத் தலைவர் வில்ஹெல்ம் வீப்ரெக்ட்டும் கருவி செய்பவரான யோஹான் மோரிட்ஸும் 1835 செப்டம்பர் 12 அன்று டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஐந்து வால்வு, எஃப் சுருதி. அதுவரை அடிக்குரலைத் தாங்கியவை பாம்பாக வளைந்த செர்பென்ட் என்ற மரக்குழலும் ஒஃபிக்ளைட் என்ற பித்தளைக் கருவியும். பெர்லியோஸ் 1830இல் எழுதிய ‘சிம்ஃபொனி ஃபான்டாஸ்டிக்’கில் இரண்டுக்குமே இடம் இருந்தது.

பிறகு ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப இதை வளர்த்தது. பொஹீமியாவின் செர்வெனி 1840களில் இன்னும் ஆழமான கான்ட்ராபேஸ் டியூபாவைச் செய்தார். எஃப் டியூபாவின் குழாயை நீட்டினால் சுமார் 12 அடி. பி-ஃபிளாட் 18 அடி. பிரிட்டனின் பித்தளை பேண்டுகள் இ-ஃபிளாட்டையும் பி-ஃபிளாட்டையும் எடுத்துக்கொண்டன. வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது குழாய் நீளம் போதாமல் சுருதி ஏறிவிடும். அதைச் சரிசெய்ய டேவிட் பிளெய்க்லி 1874இல் கண்ட ஈடுசெய் வால்வு முறை இன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி பேண்டுகளுக்கு பி-ஃபிளாட், பெரிய ஆர்கெஸ்ட்ராக்களுக்கு சி என்று வழக்கம் பிரிந்தது.

ஆக, இவற்றில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. தொழில்முறைக் கலைஞர்கள் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக, திரும்பி வருகிறவர் சி டியூபாவுக்குத் தாவ வேண்டியதில்லை என்பது என் முடிவு. அமெரிக்காவில் சுருதி மாறினால் விரல் முறையும் மாறும். பழைய பழக்கம் வீணாகும். பிரிட்டிஷ் பேண்டுகளில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே கார்னெட் முதல் பேஸ் வரை ஒரே விரல் முறை செல்லும்படிதான் இசையை எழுதுகிறார்கள்.

அடுத்து உடம்பு. முழு அளவு டியூபா பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முக்கால் அளவுக் கருவி சிறுவர்களுக்கு மட்டுமே உரியதல்ல. பழைய கருவி என்றால், வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை உருவ வேண்டும். ‘பப்’ என்று சத்தம் வந்தால் காற்றுக் கசிவு இல்லை. வெளியே உள்ள சின்ன நசுங்கலைவிட இதுதான் முக்கியம்.

மூச்சு போதுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஆர்னால்ட் ஜேக்கப்ஸைச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருந்தும் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்ஃபொனியில் டியூபா வாசித்தவர் அவர்.

சேர்ந்து வாசிக்கவும் இடம் உண்டு. ஹார்வி ஃபிலிப்ஸ் 1974இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் தொடங்கிய ‘டியூபா கிறிஸ்துமஸ்’ இப்போது பல ஊர்களில் நடக்கிறது. நான்கு சுருதிகளில் எதை வைத்திருந்தாலும் அதில் சேர்ந்துகொள்ளலாம்.