எமது ஊரின் பெயர்



ஒவ்வோர் ஊரின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக அமைந்துள்ள எமது சாய்ந்தமருது, ஒரு மரத்திடமிருந்து பெயர் பெற்றது. சாய்ந்து நின்ற மருத மரமே ஊர்ப் பெயரானது என்பது மூத்தோர் வழிவந்த செய்தி. அயலூரான மருதமுனையும் அந்த மரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1987 வரை இங்கு இயங்கிய கிராம சபைக்குக் 'கரைவாகு தெற்கு' என்று பெயர்.

2004 சுனாமி கரையோர வீடுகளை அழித்தது. வீடிழந்தோருக்காகக் கரையிலிருந்து விலகி எழுந்த குடியிருப்பு 'வொலிவேரியன் கிராமம்' எனப்படுகிறது. அது தென்னமெரிக்க விடுதலை வீரர் சைமன் பொலிவாரின் வழிவந்த பெயர்; வெனிசுவேலா நாட்டின் உத்தியோகபூர்வப் பெயரிலும் உண்டு.

2019 ஏப்ரல் 26 இல் அக்கிராமத்து வீடொன்றில் ஒளிந்திருந்த தீவிரவாதிகள் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். குழந்தைகளும் மாண்டனர். அதன் பின்னர் வெளியூர் அலுவலகமொன்றில் என் முகவரியைப் பார்த்தவர், அடையாள அட்டையை இருமுறை புரட்டிப் பார்த்தார். ஆனால் அந்த வீட்டில் தங்கியிருந்தோர் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் இவ்வூர் மக்களே! இதை எத்தனை பேர் அறிவர்?

நமது பகுதியில் திருமணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பிறந்த ஊரின் பெயரை ஆயுள் முழுவதும் முகவரியில் சுமப்பவள் பெண்ணே. ஆகவே, மருத மரத்தின் கதையையும், தகவல் கொடுத்தவர்களின் துணிவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எங்கு சென்றாலும் அவர்கள் ஊர்ப் பெயரைத் தயங்காமல் சொல்லட்டும்.