தலைமேல் குவிக்க ஒரு கை

நம் புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையாரின் விடாமுயற்சியால் 1954-இல் எழுந்ததே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மார்பகப் புற்றுநோய்க்காக அங்கே அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்ற நாள்களில், எங்கள் ஊர்ப் பெண்மணி உருவாக்கிய இடம் என்ற எண்ணமே எனக்குத் துணையாக இருந்தது.

நோய் அகன்றது. ஓராண்டு கழித்து வலக்கை வீங்கத் தொடங்கியது. உறவினர் சிலர் தெய்வக் குற்றம் என்றனர். பரிகாரத்துக்கு நாளும் குறித்தனர். காரணம் அதுவன்று. இந்த அறுவையின்போது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் சிலவற்றை அகற்ற நேர்கிறது. எங்கள் மாவட்டத்தாருக்கு விளங்கும்படி சொன்னால், கலிங்கு அடைபட்ட கண்மாய் அது. நீர் வழியின்றித் தேங்கும். குருதியை உந்த இதயம் உண்டு. நிணநீருக்கு அப்படித் தனியோர் உறுப்பு இல்லை. தசைகள் சுருங்கி விரிவதும், மூச்சு ஆழ்ந்து சென்று மீள்வதும் அதை நகர்த்த உதவுகின்றன.

திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாளுக்குத் தீபாராதனை நடக்கும்போது, தலைமேல் கை குவிக்க இயலாமல் நின்றேனே, அது வீக்கத்தைவிட வலித்தது.

மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் பார்த்து, இறுக்கமான கையுறை அளித்து, இசைவு தந்த பிறகே யோகாசிரியை ஒருவரிடம் சென்றேன். நாற்காலியில் அமர்ந்து விரல்களை மடக்கி விரித்தல், தோள்களைச் சுழற்றுதல், மூச்சை இழுத்தவாறே கைகளை மெல்ல உயர்த்துதல், நிறைவாக நாடிசுத்தி. இவ்வளவே. உடலின் பாரத்தைக் கைகளில் தாங்கும் ஆசனங்களை அவர் தொடவிடவில்லை.

காசர்கோட்டில் உள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைட் டெர்மடாலஜி மருத்துவர்கள், யானைக்கால் நோயாளிகளுக்கு ஆயுர்வேதம், யோகம், அழுத்தக் கட்டு மூன்றையும் இணைத்துச் சிகிச்சை தருகிறார்கள். மார்பகப் புற்றுநோயால் வரும் கைவீக்கத்துக்கான யோக முறையையும் 2016-இல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் எட்டு வாரம் பயின்ற பெண்களுக்குக் கையின் இறுக்கம் சற்றுத் தளர்ந்தது; பயிற்சியை நிறுத்தியபின் வீக்கம் கூடியது. வைப்பு நிதியை முடித்துவிட்டால் வட்டியும் நின்றுபோகும் அல்லவா!

ஆகவே யோகம் துணை மட்டுமே. கையுறை இனி வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர் எவரேனும் இருந்தால், சகோதரிகளே, அவரிடமிருந்து விலகிவிடுங்கள். கை சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

என் கை பழைய அளவுக்குத் திரும்பவில்லை; கனம் குறைந்திருக்கிறது. ஆடிப்பூரத்தன்று அம்பாளுக்குச் சாற்றிய வளையல்களை அர்ச்சகர் தந்தபோது, அனைத்தையும் இடக்கையிலேயே அணிந்துகொண்டேன். வலக்கையில் இறுக்கமான அணி எதுவும் கூடாது. ஆயினும் அன்று தீபாராதனையின்போது இரு கைகளும் தலைக்குமேல் குவிந்தன.