மேப்பிள் தோப்பில் ஒரு நண்பகல்

கனடா நாட்டின் கொடியில் 1965-ஆம் ஆண்டு முதல் செந்நிற மேப்பிள் இலை விளங்குவதை வாசக அன்பர்கள் அறிவர். அம்மரத்தின் சாற்றைக் காய்ச்சி இனிய பாகு செய்யும் வழக்கம் அந்நாட்டின் பழங்குடி மக்களிடமிருந்து வந்தது. இன்று உலகில் உண்டாகும் மேப்பிள் பாகில் பெரும்பங்கு, பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக் மாநிலத்தினுடையது. 2019-ஆம் ஆண்டு, திருநீற்றுப் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை, மொன்றியல் நகரில் வாழும் நம் தங்கை மகன் அம்மாநிலத்துப் போஸ் பகுதியிலுள்ள ஒரு தோப்புக்கு நம்மை அழைத்துச் சென்றான்.

தோப்புக்குரிய பெரியவர் எழுபதைக் கடந்தவர். காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்த நம்மை, பாகு காய்ச்சும் கொட்டகையில் அடுப்பருகே அமர்த்திவிட்டார். வேலை தொடங்குவதாகத் தெரியவில்லை.

"இரவில் உறைந்த மரம் இன்னும் இளகவில்லையாம், மாமா. இப்போது குழலை அடித்தால் மரமும் பிளக்கும், குழலும் உடையுமாம்" என்று மொழிபெயர்த்தான் மருமகன்.

இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் சாறு ஓடும். பெரும்பாலும் அது தவக்காலமாகவே அமைகிறது.

நண்பகலில் புறப்பட்டோம். முழங்காலளவு பனியில் புதையாதிருக்க, காலில் அகன்ற பனிமிதியடிகளைக் கட்டிக்கொண்டு நடந்தோம். பெரியவர் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து பட்டையைத் தடவிப் பார்த்தார். பழைய துளைகளின் தழும்புகளை விட்டுப் பக்கவாட்டில் தள்ளி இடம் தேர்ந்தார். சாறு தானே வெளிநோக்கி வழியும்படி, துளைப்பான் சற்றே மேல்நோக்கிச் சென்றது. அகலம் 8 மில்லிமீட்டர். ஆழம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். வெளிவந்த தூள் வெண்மையாயிருந்தால் முகம் மலர்வார். பழுப்பென்றால் அது பட்ட கட்டை. பின்பு சிறிய பிளாஸ்டிக் குழலை வாயில் வைத்து, இலேசான சுத்தியலால் மெல்லத் தட்டினார். முதலில் கணீரென்ற ஓசை. குழல் இறுகியதும் அது கனத்து மழுங்கியது. அத்துடன் நிறுத்தினார்.

சுத்தியல் நம் கைக்கு வந்தது. ஓசை மாறியது நமக்கும் கேட்டது. எனினும், உறுதியாக இருக்கட்டுமே என்று மேலும் ஓர் அடி ஓங்கி அடித்தோம். குழலின் கழுத்து படக்கென்று முறிந்தது. துளையின் மேலும் கீழும் மயிரிழை போன்ற வெடிப்பு; அதன் வழியே சாறு பட்டையில் வழியலாயிற்று.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. இடுக்கியால் முறிந்த துண்டைப் பிடுங்கினார். அருகில் வேறொரு துளை இடலாகாதா என்று கேட்டோம். அவர் தலையசைத்து மறுத்தார். துளையின் வாயை மரம் தானே மூடிக்கொள்ளும்; ஆனால் உள்ளே மேலும் கீழுமாக நெடுகப் பழுப்பேறிய அக்கட்டையில் மீண்டும் சாறு ஓடாது. ஆண்டுக்கு ஒரு துளை என்பது அத்தோப்பின் கணக்கு. அவருடைய தந்தையார் காலம் முதல் சாறு தந்த மரமாம் அது. சட்டைப்பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்து அதில் கட்டினார்.

"இந்த ஆண்டு இந்த மரத்துக்கு ஓய்வு என்கிறார், மாமா" என்றான் மருமகன்.

ஒரு துளையிலிருந்து பருவம் முழுவதும் 40 லிட்டர் அளவுக்குச் சாறு கிடைக்கும்; அதைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. நம்முடைய ஓர் அடிக்கு அதுவே விலை. நம் பனையேறிகள் பாளையைத்தான் சீவுகிறார்கள், அடிமரத்தில் காயமில்லை. இங்கோ உடம்பிலேயே காயம். இந்த வேற்றுமை அப்போதுதான் நமக்கு உறைத்தது.

அடுத்த மரத்தில் அவரே துளையிட்டார். நாம் பின்வாங்கி நின்றோம். அவரோ சுத்தியலை மீண்டும் நம்மிடமே நீட்டினார். மூன்று தட்டுகள், நான்காவதில் ஓசை மழுங்கியது. கையை எடுத்துவிட்டோம். சற்று நேரத்தில் குழலின் நுனியில் ஒரு துளி திரண்டது. பெரியவர் அதை விரலில் ஏந்தித் தந்தார். தண்ணீர் போலவே இருந்தது; இனிப்பு இருக்கிறதா என்று நாவைத்தான் கேட்கவேண்டியிருந்தது.