எப்பலேர்ந்து?

டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை.

"இந்த இருமல் எப்பலேர்ந்து இருக்கு?"

"எங்க வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆகுது டாக்டர். வந்ததுலேர்ந்தே இருக்கு."

"அதுக்கு முன்னாடி?"

ஜிம்மிக்குப் பதினோரு வயது. அதில் எனக்குத் தெரிந்தது இந்த மூன்று மாதம்தான். மீதியைத் தெரிந்துவைத்திருந்த பாட்டி இறந்துவிட்டார். எங்களுக்கு அடுத்த தெரு. மகன் துபாயிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்தபோது ஏரியா வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் போட்டார். வெள்ளை வெளேரென்று ஒரு பாமரேனியன், கண்ணில் லேசாக நீலப்புகை. (நம்மூரில் பாமரேனியன் என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸாம். அம்மா இதை இன்னும் ஏற்கவில்லை.) "குட்டின்னா யாராச்சும் எடுத்துப்பாங்க, கெழட்டு நாயை யாருடி எடுப்பா" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வந்தவன் சில விசித்திரப் பழக்கங்களோடு வந்தான். பக்கத்தில் யாராவது தரையில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவான். மாத்திரை அட்டையை உரிக்கும் சத்தம் கேட்டால் போதும், எந்த அறையில் இருந்தாலும் ஓடிவந்து காலடியில் உட்காருவான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஹாலைச் சுற்றிச்சுற்றி வருவான். பிறகு பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலிருக்கும் சந்தில் முகத்தை வைத்து அப்படியே நிற்பான், திரும்பத் தெரியாதவன் மாதிரி.

எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். சந்தில் நிற்கும் வீடியோவுக்கு 'பனிஷ்மென்ட்' என்று தலைப்பு. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். இருமலைக்கூட 'தாத்தா கனைக்கிறார்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பெரியம்மா, குழந்தைகளுக்குக் கொடுக்கும் சளி சிரப்பில் அஞ்சு சொட்டு விடச் சொன்னார். நல்லவேளை, விடவில்லை. நமக்கான சளி மருந்து, வலி மாத்திரை பலவற்றை நாய் உடம்பு தாங்காது.

டாக்டர் ரொம்ப நேரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என் காதில் மாட்டிவிட்டார். "லப் டப்னு கேக்கணும். நடுவுல உஸ்னு ஒண்ணு கேக்குதா?"

கேட்டது. வாஷர் போன குழாய் மாதிரி.

இதயத்தின் இடதுபக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு தடித்துப்போய்ச் சரியாக மூடவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் வந்த வழியே திரும்பிவிடுகிறது. சின்ன இன நாய்களுக்கு வயதானால் வருவதில் அதிகமான இதயநோய் இதுதானாம். எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகி மூச்சுக்குழாயை முட்டிக்கொண்டு இருந்தது. தாத்தா கனைத்தது அதனால்.

சந்து வீடியோவையும் காட்டினேன், தலைப்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு. நாய்களுக்கும் முதுமையில் மூளை தளரும், மனிதர்களுக்கு வரும் டிமென்ஷியா மாதிரி என்றார்.

"பாட்டியத் தேடுறான்னு அம்மா சொல்றாங்க, டாக்டர்."

"ரெண்டுமா இருக்கலாம்மா."

அன்று ராத்திரி பாட்டியின் மகனுக்கு ஃபோன் செய்தேன். இருமல் எப்போதிலிருந்து என்று கேட்டேன். "தெரியலைங்க. நான் வருஷத்துக்கு ஒரு தடவை வர்றவன். அம்மா என்னென்ன மாத்திரை போட்டாங்கன்னே எனக்குத் தெரியாது" என்றார். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைசியில், அங்கே வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவின் நம்பரைக் கொடுத்தார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தார். தரையில் உட்கார்ந்ததும் ஜிம்மி அவர் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டான். என் மடியில் ஒருநாளும் ஏறியதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"இருமலா? போன தீவாளிக்கு முன்னாடியே இருந்துச்சு பாப்பா. பாட்டியும் இருமுவாங்க, இதுவும் இருமும். எது யாரு இருமல்னு யாரும் கண்டுக்கல."

மாத்திரை அட்டைக் கதையும் அவர்தான் சொன்னார். பாட்டி மாத்திரை போடும்போதெல்லாம் இவனுக்கு அரை பிஸ்கட். பாட்டி மறந்தால் இவன் போய் நின்று குலைப்பான். அவரும் நினைவு வந்து போட்டுக்கொள்வார்.

"ராத்திரி இப்படி மூலையில போய் நிக்குமா அக்கா?"

"இல்லியே. அங்க அப்படி நின்னு நான் பாத்ததில்ல."

அக்கா பகலில் மட்டும்தான் அங்கே இருப்பார் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்து தொடங்கியதா, இல்லை அங்கேயும் இரண்டு மணிக்குப் பாட்டி எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாரா? இதற்குமேல் கேட்க ஆள் இல்லை.

பீரோச் சந்தில் இப்போது இரண்டு தலையணை. வீடியோவை அழித்துவிட்டேன். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. 30-ஐத் தாண்டித் தாண்டிப் போனால் உடனே ஃபோன் பண்ண வேண்டும். நேற்று 22. இன்று 25 வந்தது, எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று மறுபடி எண்ணினேன். 24.

மாத்திரை தினமும் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். கொடுப்பதில் சிரமமே இல்லை. அட்டை சத்தம் கேட்டதும் ஓடிவந்துவிடுகிறான். விழுங்கிவிட்டு பிஸ்கட்டுக்காக உட்கார்ந்துகொள்கிறான். அந்த ஒரு மணி நேரமும் என் முகத்தையேதான் பார்க்கிறான்.

உப்பு, பிஸ்கட் எல்லாம் குறைக்கச் சொல்லிவிட்டதால், அம்மா தன் பிபி மாத்திரையை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உரிக்கிறாள். அவன் வெளியே நின்று குலைக்கிறான்.