பெயின்ற் வாளிக்குள் மண்புழு

1990களில் வன்னிக்குள் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டிருந்த பொருட்களுள் யூரியாவும் ஒன்று. வெடிபொருள் செய்ய உதவும் என்பது சொல்லப்பட்ட காரணம். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கமக்காரர் மாட்டெருவையும் குழையையும் நம்பி வயலில் இறங்கிய காலம் அது. பின்னர், 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதற்கும் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது வன்னியில் காலபோக விதைப்புக் காலமே வந்துவிட்டிருந்தது.

அந்த மாதங்களில் மண்புழு வளர்ப்பைச் சிலர் மந்திரம்போலப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வாளிப் புழு ஓர் ஏக்கர் நெல்லுக்கு உரம் தராது. ஆனால், வீட்டு முற்றத்தில் நிற்கும் நான்கு கத்தரிக்கும் இரண்டு மிளகாய்க் கன்றுக்கும் தாராளமாகப் போதும். இவ்விரண்டையும் குழப்பியவர்கள் கமக்காரனுக்கு நன்மை செய்யவில்லை.

முற்றத்து அளவில் செய்வதற்குக் காசே தேவையில்லை. வெறுமையான பெயின்ற் வாளிகள் இரண்டு போதும். நன்றாகக் கழுவி, ஒன்றின் அடியிலும் மேல் விளிம்பை ஒட்டியும் காய்ச்சிய ஆணியால் துளையிட்டு, மற்றதற்குள் இறக்கிவிடுங்கள். வடியும் நீர் கீழ்வாளியில் சேரும். அடிப்படுக்கைக்குத் தும்புத்தூளும், கிழித்து நனைத்த பழைய பத்திரிகையும். முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் எழுதியவனுக்கு இதில் ஒரு சிறு திருப்தியும் உண்டு. ஆசிரியர் தலையங்கத்தை எந்த வாசகரும் இவ்வளவு முழுமையாக உட்கொண்டதில்லை! பளபளப்பான வண்ணத்தாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

புழுவைத் தோட்டத்தை ஆழக் கிண்டித் தேட வேண்டாம். ஆழத்தில் வாழ்பவை வாளியில் நிலைக்கா. பழைய எருக்குவியலின் அடியில் ஈரத்தில் நெளியும் சிவந்த மெல்லிய புழுக்களே ஏற்றவை. பச்சைச் சாணம் வெப்பம் கக்கும். இரண்டு கிழமையாவது ஆறிய சாணத்தையே இடுங்கள். மரக்கறிக் கழிவு, தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டைக்கோது எல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகப் போடலாம். அளவு மிஞ்சினால் நாறும். தேசிக்காய், மிளகாய், மீன், உப்பு, எண்ணெய் ஆகாது. பிழிந்த துணியளவு ஈரம் இருந்தால் நல்லது.

வன்னியில் இதன் பகைவர் வெயிலும் எறும்பும். வெயிலுக்கு மரநிழலும் மேலே நனைத்த சாக்கும். எறும்புக்கு, வாளியை ஒரு பழைய ஸ்ரூலில் ஏற்றி, அதன் கால்களை நீர் நிரப்பிய சிரட்டைகளில் நிறுத்தியிருக்கிறேன். நுளம்பு பெருகாமலிருக்க அந்நீரை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும். மாரியில் மூடியை இறுக்காவிட்டால் புழுக்கள் மூழ்கிப்போகும்.

இரண்டு, மூன்று மாதங்களில் தேயிலைத்தூள் போன்ற கரிய உரம் கிடைக்கும். அதை வெளிச்சத்தில் சிறு குவியலாகக் கொட்டினால், ஒளியை வெறுக்கும் புழுக்கள் அடிக்கு ஓடிவிடும்; மேலுள்ளதை வழித்தெடுக்கலாம். சென்ற தடவை அப்படிக் கொட்டியிருந்தபோது பக்கத்துவீட்டுத் தங்கச்சி ஐஸ்கிறீம் பெட்டியொன்றுடன் வேலியருகே வந்து நின்றார். “அண்ணை, எனக்கும் ஒரு பிடி புழு தாருங்கோ.” அள்ளிக் கொடுத்தேன்.