என் பேரைக் கைதட்டிச் சொன்ன நாள்



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள் என்றதும், "என்னடா எழுதப் போற, லேத் மெஷினப் பத்தியா?" என்று பக்கத்துப் பெஞ்சுக்காரன் சிரித்தான். இல்லை, ஒண்ணாம் வகுப்பைப் பற்றி எழுதப் போகிறேன். டிப்ளமோ மூன்றாம் ஆண்டு படிக்கிறவனுக்கு ஒண்ணாம் வகுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குச்சனூர். சின்னமனூருக்குப் பக்கம். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரரைக் கும்பிட வருகிற கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரனுக்கே ஊருக்குள் நடக்க வழி கிடைக்காது. மற்ற நாளில் எங்களுக்கு வயல்தான் உலகம். பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கு முதல் போகத் தண்ணீரை வழக்கமாக ஜூன் 1-ம் தேதி திறப்பார்கள். பள்ளிக்கூடம் திறப்பதும் அதை ஒட்டித்தான். ஆகவே எங்கள் பக்கத்தில் நாற்றங்காலும் ஒண்ணாம் வகுப்பும் சேர்ந்தே தொடங்கும்.

என் தாத்தா காலத்தில் பள்ளியில் சேர வயசுக்கு அத்தாட்சி கேட்க மாட்டார்களாம். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் அடுத்த வருஷம். "எனக்கு ரெண்டு வருசம் எட்டலடா" என்று தாத்தா இன்றும் சிரிப்பார். தாத்தாவிடம் பள்ளிக்கூடம் கேட்ட முதல் கேள்வி "காது எட்டுதா?" என்னிடம் கேட்ட முதல் கேள்வி "உன் பேர் என்ன?"

எனக்கு அந்தக் கேள்விதான் எமன். எனக்குத் திக்குவாய். என் பேர் 'க'வில் தொடங்கும். "க... க... க..." என்று நின்றுவிடுவேன். எங்கள் ஊரிலோ காக்கை சனீஸ்வரரின் வாகனம், திரும்பிய பக்கமெல்லாம் காக்கை. தெருப் பையன்களுக்குக் கேட்கவா வேண்டும்? "டேய் காக்கா வருதுடா!" என்பார்கள். "சாமி வாகனத்தச் சொல்றாக, போறான் விடு" என்று அப்பத்தா தேற்றும். எனக்கு ஆறாது.

2013 ஜூனில் என்னை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தார்கள். அப்போது அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் நடந்தது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிகளின் முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது அது. பெஞ்சு கிடையாது, பாய்தான். டீச்சரும் எங்களோடு தரையில்தான் உட்காருவார். சுவரின் கீழ்ப்பகுதியில், எங்கள் கை எட்டும் உயரத்தில், சுற்றிலும் கரும்பலகை. தட்டுகளில் படம் போட்ட அட்டைகள்.

அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை அடுத்த தெரு வரை கேட்டதாம். டீச்சர் அம்மாவைப் போகச் சொல்லவில்லை. "நீங்களும் உக்காருங்க" என்று பாயைக் காட்டினார். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். வரிசையாகப் பேர் கேட்பார், என் முறை வரும், காக்கா கத்தும்!

டீச்சர் யாரிடமும் பேர் கேட்கவில்லை. கையில் இருந்த பட்டியலைப் பார்த்து ஒரு பேரைச் சொன்னார். அதை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதட்டல் போட்டார். நாங்கள் எல்லோரும் கூடவே தட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். பேருக்கு உரியவன் எழுந்து நின்று அவனும் சேர்ந்து சொல்ல வேண்டும். என் முறை வந்தது. முப்பது கைகள் தட்டின, முப்பது வாய்கள் என் பேரைச் சொன்னன. முப்பதில் ஒரு வாய் என்னுடையது. என் பேர் திக்காமல் வந்தது! பாயில் இருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அது மாயம் இல்லை என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். திக்குகிறவர்களில் பலருக்கு மற்றவர்களோடு சேர்ந்து ஒரே நேரத்தில் சொல்லும்போதும், தாளத்தோடு சொல்லும்போதும், பாடும்போதும் திக்கு வெகுவாகக் குறைந்துவிடும். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி இது. இது நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல. தனியாகப் பேசினால் பழையபடி திக்கும். ஆனால் முதல் நாளைத் தாண்ட அது போதும்.

அந்தக் கைதட்டலில் பாடமும் இருந்தது. தமிழில் 'க', 'மா', 'லி' என்று ஒவ்வொரு உயிர்மெய்யும் ஒரு ஓசை. பேரைத் தட்டிப் பிரிக்கத் தெரிந்த குழந்தைக்கு, சொல் என்பது துண்டுகளால் ஆனது என்று புரிந்துவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு அதுதான் அஸ்திவாரம். சிலேட்டைத் தொடாமலே பாடம் தொடங்கிவிட்டது!

அதன் பிறகு டீச்சர் எங்களை வரிசையாகக் கூட்டிப் போய்க் குடிதண்ணீர்க் குழாய், சமையல்கூடம், கழிப்பறை, மணி எல்லாம் காட்டினார். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். எங்கே போக வேண்டும் என்று தெரியாமல், கேட்கவும் பயந்து, டவுசரை நனைத்துக்கொண்டு அதனாலேயே மறுநாள் பள்ளிக்கு வர மறுத்த பிள்ளைகள் எத்தனை பேர்! கடைசியாகச் சுவர்ப் பலகையில் ஆளுக்கு ஒரு கட்டம். "இது உன் எடம். என்ன வேணும்னாலும் கிறுக்கு." நான் கிறுக்கியது காக்கா.

போன 2025 ஜூன் 2, திங்கட்கிழமை, அக்கா மகளை ஒண்ணாம் வகுப்பில் விட நான்தான் போனேன். இப்போது வேறு முறை. 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலைச் சாப்பாடு வேறு. அழுதுகொண்டிருந்த பாதிப் பேரைச் சூடான உப்புமா அமைதிப்படுத்திவிட்டது!

மிச்சப் பாதிக்கு டீச்சர் கையில் ஒரு துணிப் பொம்மையை மாட்டிக்கொண்டார். பெரியவர்கள் கேட்டால் வாயே திறக்காத எங்கள் பாப்பா, பொம்மை கேட்டதும் பேர், ஊர், வீட்டில் எத்தனை ஆடு என்பது வரை சொல்லிவிட்டது. பொம்மைக்கு அதிகாரம் இல்லையல்லவா? அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் தாத்தாவிடம் கேட்டேன். "முதல் நாள்ல ஒரு எழுத்துகூடச் சொல்லிக் குடுக்கலையே தாத்தா?" தாத்தா சொன்னார்: "நட்ட அன்னைக்கே மேலுரம் போடுறவன் சம்சாரி இல்லப்பா. நாத்து முதல்ல பச்ச பிடிக்கட்டும்."

கல்வி பற்றிய பெரிய புத்தகங்களும் இதைத்தான் சொல்கின்றன. குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா 1930-களில் எழுதிய 'பகல் கனவு' நூலில் வரும் ஆசிரியர், முதல் நாள் பிள்ளைகளை அமைதியாக இருக்கப் பழக்கலாம் என்று திட்டம் போட்டு வருவார். வகுப்பு ஒரே ரகளையாகிவிடும். தோற்றுப் போனதை ஒத்துக்கொண்டு அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் கதை சொல்லித் தொடங்குவார். ஜப்பானில் 1981-ல் வந்த 'டோட்டோ-சான்' நூலில், சேர வந்த சிறுமியின் பேச்சைத் தலைமையாசிரியர் கொபயாஷி நாலு மணி நேரம் குறுக்கிடாமல் கேட்பார். இரண்டும் தமிழில் கிடைக்கின்றன. அவசியம் படியுங்கள்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

2023-ல் டிப்ளமோ சேர்ந்த முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து பேர், ஊர், மார்க் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தது. "க... க... க..." பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கா கா!" வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, பலர் இன்று என் உயிர் நண்பர்கள். ஆனால் அன்று உட்கார்ந்தவன் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. டிராயிங் ஷீட் பேசியது, நான் பேசவில்லை. முதல் வைவாவில் விடை தெரிந்தும் மார்க் போனது. டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டினேன்.

நிறுத்தியவன் என் அறைத் தோழன். "நான் மேசையத் தட்டுறேன், நீ அதுக்குத் தக்கன சொல்லு" என்று ராத்திரி முழுக்கத் தட்டினான். அடுத்த வைவாவில் மேசைக்கு அடியில் என் விரலே தொடையைத் தட்டிக்கொண்டது. பதில் வந்தது. முழுசாக இல்லை, ஆனால் வந்தது.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாள் என்ன பயமோ, நம் கல்லூரிக்கு வரும் பதினைந்து வயதுப் பையனுக்கும் அதே பயம்தான். மீசை அரும்புவதால் பயம் போய்விடாது. தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவனுக்கு இங்கிலீஷ் பயமும் சேரும். 1996-ல் நாவரசு என்ற மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. எதைச் செய்யக் கூடாது என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. எதைச் செய்ய வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதலாமாண்டு வரவேற்பில் யாரையும் தனியாக மேடையேற்றிப் பேர் கேட்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வட்டமாக நில்லுங்கள், எல்லோருமாகக் கைதட்டி ஒவ்வொரு பேரையும் சொல்லுங்கள். குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, ஸ்டோர் எங்கே, பஸ் எங்கே நிற்கும் என்று கூட்டிப் போய்க் காட்டுங்கள். வீட்டுக்குப் போகும்போது அவன் கையால் அரம் போட்ட ஒரு சின்ன இரும்புத் துண்டு அவன் பையில் இருக்கட்டும். செலவு ஒன்றும் இல்லை, அரை நாள் போதும்.

முதல் நாள் பள்ளி விட்டு வந்த அக்கா மகள் என் மடியில் ஏறி உட்கார்ந்து, "மாமா, ஒன் பேரக் கைதட்டிச் சொல்லு" என்றது. இரண்டு பேருமாகத் தட்டிச் சொன்னோம். திக்கவில்லை.

அந்தப் பேரைக் கீழே போடப் போவதில்லை. வரவேற்பு நாளில் வட்டத்துக்குள் வாருங்கள், சேர்ந்து சொல்வோம்.



– 'க', மூன்றாம் ஆண்டு இயந்திரவியல், குச்சனூர்