அம்மாச்சி போட்ட கணக்கு

எங்க அம்மாச்சி இறந்தபோது வயது 93. திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். லத்தீனில் பூசை கண்டு வளர்ந்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு தமிழில் பூசை வந்ததும், 'இப்பத்தான் சாமியார் என்ன சொல்றாருன்னே புரியுது' என்று சிரித்தவர்.

வீட்டில் பெரியவர் போய், முப்பதாம் நாள் பூசையும் முடிந்தால் பல குடும்பங்களில் அடுத்து என்ன நடக்கும்? உங்களுக்குத் தெரிந்ததுதான். 'பொம்பளப் பிள்ளைகளுக்கு நகை போட்டு, சீர் செஞ்சாச்சே' என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். அழுத கண்ணோடு கையெழுத்து விழும்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்கிறது 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கு அது கிடைக்க, மேரி ராய் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 1986-ல்.

அம்மாச்சிக்குச் சட்டமெல்லாம் தெரியாது. தாத்தா போனதும் மாமாக்களைக் கூப்பிட்டு, 'அஞ்சு பேரையும் பத்து மாசந்தான் சுமந்தேன்' என்றார். அவ்வளவுதான். அவர் பங்கு போக, தோட்டம் ஐந்தாகப் பிரிந்தது. வணிகவியல் படித்த நான் பார்த்த மிகச் சரியான ஐந்தொகை அதுதான்!

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஐந்து பிள்ளைகளும் சேர்ந்துதான் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். உங்கள் வீட்டில்?